வாத்து இல்லாத மலையகத்தில் நீர்ப்பறவை எண்ணுவது எப்படி?

கேள்வி இதுதான்: நோர்வூட் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர், தன் தோழியோடு சேர்ந்து வருகிற ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள விரும்புகிறார். இருவருக்கும் சேர்த்து ஒரு பைனாகுலர்தான் இருக்கிறது. பறவைப் பெயர்கள் பாதிதான் தெரியும். "மன்னாரில் பூநாரை கூட்டம் கூட்டமாக நிற்கிறது, எங்கள் மலையில் ஒரு வாத்துகூடக் கிடையாது. இங்கே எண்ணி என்ன பிரயோசனம்? அப்படி எண்ணுவதென்றால் இரண்டு பேரும் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது?" என்று கேட்டிருக்கிறார்.

நானும் ஒரு மாஸ்டர்தான். சில வருடங்களாக ஜனவரியில் காசல்ரீ, மவுசாக்கலை இரண்டு நீர்த்தேக்கங்களிலும் எண்ணி வருகிறேன். என்னோடு வருபவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர். முப்பது வருடத்துக்கு மேல் பிரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆட்கள் கூடுகிற இடத்தில், ஆள் எண்ணி, செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் எழுதி, மலையில் கொழுந்து நிறுத்தவர். பறவை எண்ண அவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார். அதனால் இந்தப் பதிலில் பாதி அவர் சொன்னதாகத்தான் இருக்கும்.

முதலில் பிரயோசனத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. 1967 முதல் நடந்துவரும் சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஆசியப் பகுதி அது. வெட்லண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு நாடுகளை ஒருங்கிணைக்கிறது. இலங்கையில் 1943இல் உருவான சிலோன் பேர்ட் கிளப் இந்த வேலையை நீண்டகாலமாகச் செய்து வருகிறது. ஜனவரியைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. வடக்கே இருந்து வந்த பறவைகள் அந்த மாதத்தில் அதிகம் அலையாமல் ஓரிடத்தில் தங்கியிருக்கும். எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே நாட்களில் எண்ணினால் ஒரே பறவை இரண்டு நாட்டுக் கணக்கில் விழும் ஆபத்து குறையும். இலங்கை, மத்திய ஆசிய வலசைப் பாதையின் தெற்கு முனை. இதற்குத் தெற்கே தரையென்று சொல்ல அந்தாட்டிக்காதான் இருக்கிறது. சைபீரியாவில் இருந்து இறங்கி வருகிற உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைக்கு நம் தீவு கடைசி பஸ் தரிப்பிடம் மாதிரி.

சரி, அந்தக் கடைசித் தரிப்பிடத்தில் பறவைகள் இறங்குவது எங்கே? பெரும்பாலும் தாழ்நிலத்தில்தான். ஒரு நீர்நிலையில் 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகக் கூடினாலோ, ஒரு இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு அங்கே வழக்கமாகத் தங்கினாலோ, ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சாசனப்படி அந்த இடம் சர்வதேச முக்கியத்துவம் பெறும். இலங்கையில் ஆறு ராம்சார் இடங்கள் இருக்கின்றன: பூந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. மலைநாட்டில் ஒன்றுகூட இல்லை. இனி வரப்போவதுமில்லை என்றே நினைக்கிறேன். நம் நீர்த்தேக்கங்கள் அதற்கேற்ற மாதிரி அமைந்தவை அல்ல.

ஏன் என்று தெரிந்துகொண்டால் எண்ணும்போது எங்கே பார்ப்பது என்பதும் விளங்கிவிடும். தாழ்நிலத்தில் நாம் பார்க்கிற சிறகி வகை வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, வாலை மேலே தூக்கிக்கொண்டு மேய்பவை. கழுத்து எட்டும் ஆழம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு மேசை, ஒரு முழத்துக்கும் குறைவு. காசல்ரீயும் மவுசாக்கலையும் மின்சாரத்துக்காக 1960களில் பள்ளத்தாக்கை மறித்துக் கட்டியவை. கரை சரிவு, இரண்டடி இறங்கினால் ஆழம். போதாததற்கு மின்சார சபை தண்ணீரை எடுக்க எடுக்க மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் கரையில் புல்லும் கோரையும் வேர் பிடிப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் தெரிவது செம்மண் வளையம்தான். மவுசாக்கலையில் மட்டம் நன்றாக இறங்குகிற வருடங்களில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில்கூட எழுந்து நிற்கும். சனம் பார்க்க வரும். அந்தக் கோயிலைப் பார்க்க வருகிறவர்களின் காலடியில்தான் உள்ளான்கள் ஓடித் திரியும். யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

ஆக, மலையகத்தில் தொகை வராது. ஒரு காலை முழுக்க நடந்து இரண்டு பேரும் எழுதுவது ஒரு பக்கம் நிரம்பினாலே பெரிது. முதல் வருடம் நான் இதற்காக வெட்கப்பட்டேன். படிவத்தில் வாத்து வரிசை முழுவதும் வெற்று. "இதை அனுப்பத்தான் வேணுமா ஐயா?" என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை ஐயா சிரித்தார். "பிரட்டுக்கு வராத ஆளையும் செக்ரோல்ல எழுதணும் மாஸ்டர், வரலேன்னு. எழுதாம விட்டா வந்தானா வரலையான்னு நாளைக்கு யாருக்குத் தெரியும்?"

வெற்று இடத்துக்கும் பூச்சியத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். வெற்றாக விட்டால் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம். பூச்சியம் போட்டால், இரண்டு பேர் போய், நேரமெடுத்துத் தேடி, இல்லை என்று கண்டார்கள் என்று அர்த்தம். பத்து வருடம் கழித்து காசல்ரீயில் சீழ்க்கைச் சிறகி வந்து தங்க ஆரம்பித்தால், அது புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல உங்கள் பூச்சியம்தான் சாட்சி. பூந்தலவில் எண்ணப் போக ஆட்கள் போட்டி போடுவார்கள். நோர்வூட்டில் நீங்கள் போகாவிட்டால் யார் போகப்போகிறார்கள்?

இப்போது இரண்டு பேர் விஷயம். உங்கள் கேள்வியிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒரு பைனாகுலர் போதும். இரண்டு இருந்தால் இரண்டு பேரும் பறவை பார்ப்பார்கள், ஒருவரும் எழுத மாட்டார்கள். ஒருவர் கண், ஒருவர் கை. கண்ணாக இருப்பவர் பைனாகுலரை இறக்காமல் வலமிருந்து இடமாகவோ இடமிருந்து வலமாகவோ, ஒரே திசையில் மட்டும், நகர்த்திக்கொண்டே போய்ப் பெயரையும் எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும். கையாக இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். "சின்ன நீர்க்காகம் ஏழு." "ஏழு." பஸ் கொண்டக்டர் டிக்கட் கொடுக்கிற மாதிரி. இது விளையாட்டுப் பேச்சு இல்லை. காற்றில் "ஏழு" என்பது "எட்டு" என்றும் "மடையான்" என்பது வேறு ஏதோ என்றும் கேட்கும். திருப்பிச் சொன்னால் அந்த இடத்திலேயே பிழை பிடிபடும்.

எழுதுகிறவருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பைனாகுலருக்குள் கண் வைத்திருப்பவருக்கு அந்த வட்டத்துக்கு வெளியே உலகம் கிடையாது. தலைக்கு மேல் பறந்து போகிற கொக்கை அவர் பார்க்க மாட்டார். எழுதுகிறவர்தான் வெறுங்கண்ணால் வானத்தையும் கரையையும் கவனித்து, எந்தப் பறவை எங்கிருந்து கிளம்பி எங்கே போனது என்று குறிக்க வேண்டும். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். காசல்ரீயின் ஒரு வளைவில் உண்ணிக்கொக்கு ஒரு கூட்டம் எண்ணி முடித்து, மேட்டைச் சுற்றி அடுத்த வளைவுக்கு நடந்து போய், அங்கேயும் ஒரு கூட்டம் எண்ணி உற்சாகமாக எழுதினேன். ஐயா அன்று காய்ச்சலென்று வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு எண்ணையும் பார்த்தபோதுதான் உறைத்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் நடந்த நேரத்தில் அதே கொக்குகள் மேட்டைத் தாண்டிப் பறந்து எனக்கு முன்னாலேயே போய் இறங்கியிருக்கின்றன. இரண்டாவது கூட்டத்தை அடித்துவிட்டேன். தனியாகப் போனால் இப்படித்தான். கூட ஒருவர் இருந்தால் அவர் கொக்கு கிளம்புவதைப் பார்த்திருப்பார்.

மணிக்கொரு தடவை இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள். கண் களைத்துவிடும் என்பது ஒன்று. இருவருக்கும் எண்ணும் பழக்கம் வரவேண்டும் என்பது மற்றொன்று.

கூட்டமாக நிற்கிற பறவையை எண்ணும்போது மட்டும் முறை வேறு. அப்போது இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் பைனாகுலரில் தனித்தனியாக எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதி வைத்து, பிறகு ஒப்பிட வேண்டும். முதலில் ஒருவர் "நாற்பது" என்று சொல்லிவிட்டால் மற்றவருக்கும் நாற்பதுதான் வரும். மனித மூளை அப்படி. வகுப்பில் கணக்குக் கொடுக்கும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு காலையை அப்படியே சொல்கிறேன். காசல்ரீயின் மேல் முனை, பொகவந்தலாவையில் இருந்து வருகிற கெஹெல்கமு ஓயா நீர்த்தேக்கத்தில் விழுகிற பக்கம். அங்கே ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் இருப்பதால் தண்ணீர் கொஞ்சம் ஆழம் குறைவு. ஆறரைக்கே போய்விட்டோம். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் மேல் பனிமூட்டம் பஞ்சுப் பொதி மாதிரிக் கிடந்தது. சத்தம் மட்டும் வருகிறது, கரகரவென்று நீர்க்காகம் இருமுகிற சத்தம். ஐயா கம்பளியைச் சுற்றிக்கொண்டு கல்லில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றினார். ஏழே கால் இருக்கும், வெயில் எதிர் மலையின் தலையைத் தாண்டியது. மூட்டம் மேலெழும்ப, முதலில் ஒரு பட்ட மரத்தின் உச்சி தெரிந்தது, பிறகு கிளை, பிறகு அதில் கறுப்புக் கறுப்பாக நீர்க்காகங்கள். நான் எண்ணினேன், 38. ஐயா எண்ணினார், 41. திரும்பவும் எண்ணினோம். எனக்கு 39, அவருக்கு 41. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். பிறகு விளங்கியது: நான் மரத்தை மட்டும் எண்ணியிருந்தேன். மரத்தடியில் மூன்று, தண்ணீரில் கழுத்து மட்டும் தெரிய முழுகி முழுகி எழுந்துகொண்டிருந்தன. ஒன்று எழும்பினால் மற்றது முழுகும். ஐயா ஒரு நிமிடம் அசையாமல் அந்த இடத்தையே பார்த்து மூன்று என்று முடிவு செய்த பிறகுதான் மரத்துக்கே போயிருக்கிறார். எனது இரண்டாம் எண்ணிக்கையில் மரத்தில் கூடிய அந்த ஒன்று, இறக்கை விரித்துக் காய்ந்துகொண்டிருந்த ஒரு நீர்க்காகத்துக்குப் பின்னால் மறைந்திருந்ததாக இருக்கவேண்டும். அப்படியானால் 42. மூன்றாம் தடவை இருவரும் 42 என்றோம். அதை எழுதினோம்.

இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் கூட்டிப் பாதியாக்கி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஏன் பொருந்தவில்லை என்று தேடுங்கள், நேரம் இருக்கிறதுதானே. தேடியும் தெரியாவிட்டால் நல்ல கோணத்தில் நின்று எண்ணியவருடைய எண்ணை எழுதுங்கள்.

ஐயா எண்ணும் விதத்தை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும்போது அவர் ஒவ்வொரு தலையாக எண்ணியதே இல்லையாம். ஐந்து நிரை எவ்வளவு அகலம் என்று கண்ணுக்குத் தெரியும். அதை மலை முழுக்க விரித்துப் போடுவாராம். பறவைக் கூட்டத்துக்கும் அதேதான். ஒரு ஓரத்தில் பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அதே அளவை வரிசையாக நகர்த்திக்கொண்டு போங்கள். நம் பக்கத்தில் நூறைத் தாண்டுகிற கூட்டம் அபூர்வம். மாலையில் அடைய வருகிற கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும்தான் இது தேவைப்படும். பழகாத கண் பெரிய கூட்டத்தைப் பொதுவாகக் குறைத்துத்தான் மதிப்பிடும். வீட்டில் பழகலாம்: முறத்தில் ஒரு கை பருப்பை வீசி, மூன்று விநாடி பார்த்து மதிப்புச் சொல்லி, பிறகு எண்ணிப் பாருங்கள். ஒரு கிழமையில் கண் திருந்திவிடும். என் வீட்டில் இதற்கு வாங்கிய பேச்சு தனிக் கதை.

பெயர் பாதிதான் தெரியும் என்கிறீர்கள். மலையகத்துக்குப் பாதி போதும் என்பேன். நீங்கள் சந்திக்கப்போகிற நீர்ப்பறவை பத்துப் பன்னிரண்டு வகைதான். அவற்றில் தலையைச் சொறிய வைப்பவை இரண்டு கூட்டம்.

ஒன்று வெள்ளைக் கொக்குகள். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள், செருப்புப் போட்ட மாதிரி. பறக்கும்போது அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். உண்ணிக்கொக்கு குட்டை, அலகு மஞ்சள், தாடை உப்பிப் பல்வலிக்காரர் மாதிரி இருக்கும். தண்ணீரைவிட மாட்டுக்குப் பின்னால்தான் அதிகம் காண்பீர்கள். நடுக்கொக்குக்கும் பெருங்கொக்குக்கும்தான் சண்டை. தூரத்தில் உயரத்தை நம்பவேண்டாம், பக்கத்தில் வேறு பறவை இல்லாவிட்டால் உயரம் ஏமாற்றும். வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகின் பிளவு கண்ணுக்கு நேர் கீழே முடிந்தால் நடுக்கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெருங்கொக்கு. இதற்கு பைனாகுலரில் பொறுமையாகப் பார்க்கவேண்டும்.

மற்றது உள்ளான்கள். நமக்கு அதிகம் கிடைப்பது சாதாரண உள்ளான். கல்லில் நின்றுகொண்டு பின்புறத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும்; மார்பின் வெள்ளை, இறக்கை மடிப்புக்கு முன்னால் ஆப்பு வைத்த மாதிரி மேலே ஏறியிருக்கும். பறந்தால் இறக்கையை முழுதாக வீசாமல் தண்ணீரோடு ஒட்டி வெடவெடவென்று துடித்துப் போகும். தனியாகத்தான் இருக்கும், ஒரு வளைவுக்கு ஒன்று. நுவரெலியா ஓடைகள் வரைக்கும் ஏறிவிடுகிற பறவை அது. கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில், விடியலில் புல்லில் தூள் பனி உறைந்து கிடக்கிற நேரத்தில், அந்தச் சின்னக் காலோடு ஈரக்கல்லில் ஓடுவதைப் பார்த்தால் நமக்குத்தான் குளிரும். முதுகில் வெள்ளைப் பொட்டும் கண்ணுக்கு மேல் தெளிவான வெள்ளைப் புருவமும் இருந்தால் பொறி உள்ளான். மரக்கறித் தோட்டத்துச் சேற்றில் தேடுங்கள். முதுகு இருண்டு, பறக்கும்போது இறக்கையின் அடிப்புறமும் கறுப்பாகத் தெரிந்து, வால் மேல்புறம் மட்டும் வெள்ளையாக மின்னினால் அது பொறி உள்ளான் இல்லை, ஆங்கிலத்தில் கிரீன் சாண்ட்பைப்பர் என்கிற, கறுப்புத் தோற்றமுள்ள இன்னொரு உள்ளான். தமிழில் அதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்காகத்தான் படிவத்தில் விஞ்ஞானப் பெயர் இருக்கிறது. சின்னக் கொக்கு என்று மனதில் வைத்துக்கொண்டு எக்ரெட்டா கார்செட்டா என்ற வரியில் எண்ணைப் போடுங்கள்.

மீதி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை: முக்குளிப்பான், மடையான், சாம்பல் நாரை, வெண்மார்புக் கானாங்கோழி, சிவப்பு மூக்கு ஆள்காட்டி. மீன்கொத்திகளையும் தண்ணீர் மேல் வட்டமிடுகிற செம்பருந்தையும் தனியாகக் குறித்து வையுங்கள். ஓடைக் கல்லில் மஞ்சள் வயிற்றோடு வாலை ஆட்டுகிற சாம்பல் வாலாட்டியும் குளிர்கால விருந்தாளிதான், ஆனால் நீர்ப்பறவைக் கணக்கில் வராது. ஒரு எச்சரிக்கை: கரையோரக் காட்டில் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி மாதிரி இலங்கைக்கே உரிய பறவை ஏதாவது கூப்பிடும். திரும்பினீர்களோ அரை மணி நேரம் போய்விடும். அன்றைக்கு மட்டும் காது கேட்காதவர்களாக இருங்கள்.

அடையாளம் தெரியாவிட்டால் என்ன செய்வது? ஒரு ஜனவரியில் மவுசாக்கலையில் தனி வாத்து ஒன்று, மிகத் தூரத்தில், வெயிலுக்கு எதிரே. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணுக்கு மேல் ஒரு கோடு தெரிந்த மாதிரி இருந்தது, பெட்டை நீலச்சிறகி என்றே முடிவு செய்துவிட்டேன். நீலச்சிறகி என்றால் ஆசியாவின் வடக்கில் இருந்து வந்த பறவை, என் பூச்சியங்களுக்கு நடுவே ஒரு வைரம். ஐயா பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "வாத்துன்னு தெரியுது மாஸ்டர். என்ன வாத்துன்னு தெரியல."

"நீலச்சிறகிதான் ஐயா, கோடு தெரியுதே."

"ஒங்களுக்கு வேணும்னு தெரியுது. அரைப் பேர் போடுங்க."

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளங்கும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர், குறையாகச் செய்தால் அரைப் பேர். அடையாளம் காணாத வாத்து, 1 என்று எழுதினேன். கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன். கொக்குக்கும் அப்படித்தான்: தூரத்தில் பறந்தது நடுவா, பெருசா தெரியாவிட்டால் "அடையாளம் காணாத வெள்ளைக் கொக்கு" என்று எழுத வழி உண்டு. பெயர் தெரியாமல் எழுதுவது பிழை இல்லை. தெரியாததற்குப் பெயர் வைப்பதுதான் பிழை.

நேரத்தைப் பற்றி: தாழ்நிலத்தில் விடியவே தொடங்கச் சொல்வார்கள். மலையில் மூட்டம் விலகாமல் எண்ணக்கூடாது. ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடியுங்கள்; அப்புறம் காற்று எழும்பித் தண்ணீர் அலையடிக்கும், முக்குளிப்பான் அலைக்கும் தனக்கும் வித்தியாசம் தெரியாமல் மறைந்துவிடும். முடிந்தால் அன்று மாலை ஐந்தில் இருந்து ஆறே கால் வரை கொக்கும் நீர்க்காகமும் அடைகிற மரத்துக்கு எதிரே உட்கார்ந்து, வந்து சேர்கிறவற்றை எண்ணுங்கள். காலை எண்ணையும் மாலை எண்ணையும் கூட்டிவிடாதீர்கள். பறவை ஒன்றுதான், நேரம்தான் இரண்டு. தனித்தனியாக எழுதி, எது எந்த நேரத்தது என்று குறித்து விடுங்கள்.

ஜனவரியில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பொதுவாக வெயில். கந்தப்பளை, நுவரெலியா பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை இன்னும் தூறிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, இது சிவனொளிபாதமலைப் பருவகாலம். வார இறுதியில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிற வாகன நெரிசலில் மாட்டினால் உங்கள் பஸ் பத்து மணிக்குத்தான் வந்து சேரும். கணக்கெடுப்பு வழக்கமாக ஜனவரி இரண்டாம், மூன்றாம் வார இறுதிகளில் வருவதால் தைப்பொங்கலோடும் முட்டும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொங்கலுக்கு முதல் நாள் பைனாகுலரோடு வெளியே போவதை நியாயப்படுத்துவது கொக்கு இனம் பிரிப்பதைவிடக் கஷ்டம்.

எந்த இடம் என்று கேட்டால், வீட்டுக்குக் கிட்ட இருப்பதை எடுங்கள். உங்களுக்கு காசல்ரீயின் நோர்வூட் பக்க முனை. முழு நீர்த்தேக்கத்தையும் எண்ண இரண்டு பேரால் முடியாது, ஆசைப்படவும் வேண்டாம். ஒரு மூன்று நான்கு நிற்கும் இடங்களைத் தெரிவு செய்து, எங்கே நின்றீர்கள், எங்கிருந்து எதுவரை தெரிந்தது என்று கையால் ஒரு படம் கீறி வையுங்கள். அடுத்த வருடம் அதே கல்லில் அதே நேரத்தில் நிற்கவேண்டும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் வருடத்துக்கு வருடம் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. நுவரெலியாவில் சொந்தக்காரர் இருந்தால் கிரகரி வாவி ஒரு நாளைக்கு நல்ல பயிற்சி, ஆனால் படகுகள் இறங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும். தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தை பிரதான வீதியில் நின்றே பார்க்கலாம். கண்டி வாவி நகரத்துக்காரர்களின் பொறுப்பு, அங்கே ஆள் கிடைக்கும்.

பாதுகாப்பு. அணைக்கட்டுப் பக்கம் பைனாகுலரும் கெமராவுமாக நின்றால் காவலில் இருப்பவர்கள் கேட்பார்கள், கேட்கவேண்டியது அவர்கள் வேலை. முதல் நாளே போய் என்ன செய்கிறோம் என்று சொல்லி, படிவத்தைக் காட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. தோட்டத்துக்குள் இறங்கி நடக்கிறீர்களானால் அலுவலகத்தில் ஒரு சொல். குளவிக் கூடு எந்த மலையில் இருக்கிறது என்று கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களைப் போல் தெரிந்தவர் யாருமில்லை. ஈரப்புல்லில் அட்டை கடிக்கும், உப்போ சவர்க்காரமோ கொண்டு போங்கள். காய்ந்த வண்டல் மாதிரித் தெரிவதில் கால் வைக்காதீர்கள், மேலே காய்ந்திருக்கும், உள்ளே முழங்கால் வரை சேறு. நான் ஒரு செருப்பை அங்கே விட்டுவிட்டு வந்தவன்.

படிவத்தில் பறவைக்குக் கீழே இடத்தின் நிலைமை பற்றிய பகுதியும் உண்டு. அவசரத்தில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்கியிருந்தது, கரையில் மரக்கறிப் பாத்தி புதிதாக வெட்டியிருக்கிறார்களா, வலை போட்டிருக்கிறதா, குப்பை கொட்டுகிறார்களா என்று எழுதுங்கள். ஒரு வருடம் கைவிடப்பட்ட வலையொன்றில் இரண்டு நீர்க்காகம் செத்துத் தொங்கியதைப் பார்த்தோம். எண்ணிக்கையில் அவை வராது, ஆனால் குறிப்பில் எழுதினோம். நீர் மட்டம் மட்டுமாவது கட்டாயம் எழுதுங்கள். உள்ளான் இந்த வருடம் ஏன் குறைந்தது என்று கேட்டால் பாதித் தடவை பதில் அதில்தான் இருக்கும். மட்டம் நிறைந்திருந்தால் சேறு இல்லை, சேறு இல்லாவிட்டால் உள்ளான் இல்லை.

டிசம்பரிலேயே சிலோன் பேர்ட் கிளப்புக்கு எழுதி, எந்த இடத்தை எடுக்கிறீர்கள் என்று சொல்லி, அந்த வருடத்துத் திகதியையும் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே யாராவது அதே முனையை எண்ணுகிறார்கள் என்றால் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். பறவை அடையாளம் பழக, கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவையும் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் நவம்பரில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள், எழுதாமல் சும்மா எண்ணிப் பாருங்கள்.

களத்தில் பேனை வேண்டாம், பென்சில். பனியில் பேனை மை ஊறிவிடும். வீட்டுக்கு வந்த அன்றிரவே இருவரும் உட்கார்ந்து கொப்பியில் உள்ளதைப் படிவத்துக்கு மாற்றுங்கள், ஒருவர் வாசிக்க மற்றவர் எழுத. களத்தில் எழுதிய கொப்பியை எறியாதீர்கள். ஐயா அதைப் பழைய செக்ரோல் புத்தகங்களோடு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். போன கிழமை சந்தியில் கண்டபோது வருகிற ஜனவரிக்கு அந்தப் பட்ட மரம் இன்னும் நிற்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நான் இன்னும் போகவில்லை. நீங்கள் அந்தப் பக்கம்தானே, கண்டால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.